ஷிஃப்டை அழுத்தினால் பொய் வரும்!

செல்போன் அலறியது.

ஸ்க்ரூ எடுக்கவில்லை. ஒரு லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து போட்டு, உள்ளே விழுந்துவிட்ட திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். அதனாலேயே ஊர் முழுக்க ஸ்க்ரூ. கூடப் பிறந்தவளே அப்படித்தான் கூப்பிட்டாள்.

மறுபடியும் அலறியது.

திரையில், 'மாமா.'

அக்காவின் கணவர். சாதாரணமாக போன் செய்கிற ஆளே இல்லை.

"சொல்லுங்க மாமா..."

"மாப்ள... உங்க அக்கா..." மூச்சு வாங்கியது. "மேஜை மேல அப்படியே கவுந்து கிடந்தா! எழுப்பினா எந்திரிக்கல! ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

"என்ன மாமா சொல்றீங்க! இப்பத்தானே நான் அங்கேருந்து வந்தேன்! நல்லாத்தானே இருந்தா!"

"சீக்கிரம் வா. வீட்டுல போலீஸ் வேற வந்திருக்கு..."

"போலீஸா?!"

போன் செத்துவிட்டது.

ஸ்க்ரூவுக்குக் கை கால் ஓடவில்லை. பைக் சாவியைத் தேடினான். கையிலேயே இருந்தது!

அவனுக்கு இருந்தது ஒரே அக்கா. அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டவள், திட்டியவள், ஃபீஸ் கட்டியவள் எல்லாம் அவள்தான். இயந்திரம் வடிவமைக்கும் இன்ஜினியர். கம்பெனி அவளை ஜப்பானுக்கு அனுப்புகிறது. அடுத்த மாதம் பயணம்.

இன்று மத்தியானம்கூட அவனை அதற்காகத்தான் வரச் சொல்லியிருந்தாள்.

"டேய் ஸ்க்ரூ! ஒவ்வொரு எழுத்தா அகராதியில தேடித் தேடி என் உசுரு போகுதுடா. மௌஸை வெச்சா அர்த்தம் காட்டுமாமே... அதைப் போட்டுக் குடு."

"ஜுஜுபி வேலைக்கா. பிரவுசர்ல சேர்க்கற குட்டி புரோகிராம், எக்ஸ்டென்ஷன்னு பேரு. ஷிஃப்டை அழுத்திக்கிட்டு மௌஸை வார்த்தை மேல கொண்டு போ. டக்குனு ஒரு பெட்டி குதிக்கும். அர்த்தம் அதுக்குள்ள இருக்கும்."

அப்போது மாமா வாசற்படியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேஷ்! இனிமே நான்கூட ஜப்பான்காரன்தான்!" என்று சிரித்தார்.

பைக்கை முறுக்கினான். சிக்னல் சிவப்பு. 'பச்சை போட்டுத் தொலையேன்!' என்று வாய்விட்டுக் கத்தினான். பக்கத்து ஸ்கூட்டர்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீடு.

அக்காவின் அறையில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தாள். ஒல்லியாக, உயரமாக, கண்ணை இமைக்காமல் பார்க்கிற பெண். பக்கத்தில் தொப்பையும் தொப்பியுமாக ஏட்டு. நாற்காலியில் மாமா, தலையைக் கையில் தாங்கியபடி.

மேஜை மேல் அக்காவின் லேப்டாப் விழித்திருந்தது. திரையில் ஏதோ ஒரு ஜப்பான் கடையின் பக்கம். அருகில் சின்னதாய் ஒரு நீல பாட்டில். முக்கால்வாசி காலி.

"நீதான் தம்பியா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"ஆமா மேடம். அக்கா எப்படி இருக்கா? என்னாச்சு?"

"இந்த பாட்டிலைப் பார்த்துட்டுத்தான் ஆம்புலன்ஸ்காரங்க எங்களைக் கூப்பிட்டாங்க. இது என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. பார்த்ததே இல்ல."

மாமா தலையைத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது.

"ஜப்பான் கடையில அவளே வரவழைச்சிருக்கா மாப்ள. எனக்கே தெரியாது. கவுந்து கிடந்தவளைப் பார்த்ததும் பதறிப் போயிட்டேன். பாட்டில் பூரா ஜப்பான் எழுத்து. எனக்கு அதுல ஆனா ஆவன்னா தெரியுமா? திரையில அதே பாட்டிலோட பக்கம் திறந்திருந்துச்சு. சட்டுனு நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஷிஃப்டை அழுத்தி மௌஸை வெச்சேன். பெட்டி வந்துச்சு. 'தூக்கம்'னு போட்டிருந்துச்சு. தூக்க மருந்து! உடனே டாக்டருக்குச் சொல்லிட்டேன்."

"நானும் சரி பார்த்தேன்" என்றாள் இன்ஸ்பெக்டர். "போன் கேமராவை பாட்டில்கிட்ட காட்டினேன், மொழிபெயர்த்துச்சு. தூக்க மருந்துதான். பயண டென்ஷன்ல தூக்கம் வராம, அளவு தெரியாம குடிச்சிருக்காங்கன்னு சார் சொல்றார்."

"நீ செஞ்சு குடுத்த புண்ணியம் மாப்ள!" மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அது மட்டும் இல்லேன்னா என்ன மருந்துன்னே தெரியாம முழிச்சிருப்போம்!"

கை ஜில்லென்று இருந்தது.

ஸ்க்ரூவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போனான். கதவுக்கு வந்தான். மறுபடி ஜன்னல்.

"ஒரு இடத்துல நில்லுப்பா. எனக்குத் தலை சுத்துது" என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டர் பேசறேன் மேடம். அந்தம்மா குடிச்சது தூக்க மருந்துதானா? நிச்சயமா தெரியுமா?"

"ஏன் டாக்டர்?"

"அதுக்கான வைத்தியம்தான் பண்றோம். ஒரு முன்னேற்றமும் இல்ல. நாடித்துடிப்பு இறங்கிக்கிட்டே போகுது... எனக்கு ஏதோ இடிக்குது. இப்படியே போனா கஷ்டம்!"

அக்கா!

ஸ்க்ரூவின் பார்வை பரபரவென்று அறையைச் சுற்றியது. கட்டில்... அலமாரி... மேஜை... லேப்டாப்...

திரையின் மூலையில் சின்னதாய் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. ஏதோ டவுன்லோட் ஆகிக்கொண்டிருக்கிற கோடு.

உற்றுப் பார்த்தான்.

தூக்கிவாரிப் போட்டது!

"மாமா..." ஸ்க்ரூ திரும்பினான். "அந்தப் பெட்டி வந்துச்சுன்னு சொன்னீங்களே... ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்."

"இப்ப எதுக்குடா அது? அங்க உங்க அக்கா..."

"ஒரே ஒரு தடவை."

இன்ஸ்பெக்டர் இமைக்காமல் பார்த்தாள். "காட்டுங்க சார். காசா பணமா?"

மாமா மௌஸைப் பிடித்தார். ஷிஃப்டை அழுத்தினார். ஜப்பான் எழுத்துகளின் மேல் அம்புக்குறியை ஓட்டினார்.

ஒன்றும் வரவில்லை.

இன்னொரு வார்த்தை.

ம்ஹூம்!

"அப்ப வந்துச்சே..." மாமா அசடு வழிந்தார். "ஏதோ மக்கர் பண்ணுது. இந்த மெஷினே இப்படித்தான்..."

"மக்கர் இல்ல மாமா." ஸ்க்ரூ லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். "எக்ஸ்டென்ஷன் வேற, அகராதி வேற. நான் போட்டது வெறும் எக்ஸ்டென்ஷன். அது காலி டப்பா. அகராதி ஃபைலை இறக்கி, அதுக்குள்ள ஏத்தினாத்தான் பெட்டியே வரும். இன்னிக்கு நெட் ஆமையா ஊர்ந்துச்சு. தானா இறங்கட்டும், சாயந்திரம் வந்து ஏத்திக் குடுக்கறேன்னு அக்காகிட்ட சொல்லிட்டுக் கிளம்பினேன். நீங்க அப்ப கிச்சன்ல இருந்தீங்க."

மூலையில் ஊர்ந்த கோட்டைத் தொட்டுக் காட்டினான்.

"இதோ... இன்னும் பாதிகூட இறங்கல!"

இன்ஸ்பெக்டர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

"ஆனா பாட்டில்ல இருக்கறது தூக்க மருந்துதானேம்மா?" ஏட்டு குழம்பினார். "அவர் சொன்னது சரிதானே?"

"அதுதான்யா விஷயம்!" இன்ஸ்பெக்டர் மாமாவை நெருங்கினாள். "சரியா சொன்னதுதான் தப்பு! ஒரு எழுத்து தெரியாத மனுஷனுக்கு, பெட்டியும் வராம, தூக்க மருந்துன்னு எப்படித் தெரிஞ்சுது? முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அப்படின்னா இந்த பாட்டிலை வாங்கினது நீங்க. இந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சதும் நீங்க!"

"இல்ல மேடம்... நான் வந்து... போன்ல பார்த்தேன்..."

"இப்ப போன்லயா? எங்க, போனைக் குடுங்க."

மாமாவின் கை சட்டைப் பைக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

ஸ்க்ரூவுக்குப் பொறி தட்டியது.

"மேடம்! அக்கா இதைக் குடிக்கவே இல்ல! டாக்டரைத் திசை திருப்பத்தான் இந்த பாட்டில்! அவ உடம்புக்குள்ள வேற என்னவோ இருக்கு!" பாய்ந்து மாமாவின் சட்டையைப் பிடித்தான். "என்னய்யா குடுத்தே எங்க அக்காவுக்கு? நான் கிளம்பும்போது டீ போட்டுக்கிட்டிருந்தியே... அதுலதானே? சொல்லு!"

"மேடம், இவனைக் கையை எடுக்கச் சொல்லுங்க! பாசத்துல உளர்றான்!"

"விடுப்பா அவரை." இன்ஸ்பெக்டர் அமைதியாகச் சொன்னாள். ஏட்டுவின் பக்கம் திரும்பி லேசாகக் கண்ணைக் காட்டினாள். "கிச்சனைப் போய்ப் பாருங்க."

ஏட்டு போனார்.

நொடிகள் நகர மறுத்தன. ஸ்க்ரூ நகத்தைக் கடித்தான். மாமா சுவரையே பார்த்தார். இன்ஸ்பெக்டர் மாமாவையே பார்த்தாள்.

ஏட்டு திரும்பி வந்தார், மீசையைத் துடைத்தபடி.

"கப்பெல்லாம் பளிச்சுனு கழுவி வெச்சிருக்கும்மா. ஃப்ளாஸ்க்ல மட்டும் டீ இருந்துச்சு, நல்ல சூடா. வெயில்ல அலைஞ்சதுக்கு இதமா... ரெண்டு கப் உள்ள தள்ளிட்டேன்."

மாமாவின் முகம் வெளிறியது.

"ரெண்டு கப்பா?!" துள்ளி எழுந்தார். "யோவ்! துப்புய்யா! வாந்தி எடுய்யா! செத்துடுவேய்யா!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"ஃப்ளாஸ்க்கை நான் திறக்கவே இல்ல சார்" என்றார் ஏட்டு. "எனக்கு டாக்டர் டீயே குடிக்கக் கூடாதுன்னுட்டாரு. சக்கரை வியாதி!"

இன்ஸ்பெக்டர் மாமாவின் காலரைக் கொத்தாகப் பற்றினாள்.

"டீல என்ன? அந்தம்மா பிழைச்சா உனக்கு ஒரு கேஸ். செத்தா வேற கேஸ். முடிவு பண்ணிக்கோ!"

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எங்கப்பாவோட... பழைய ஹார்ட் மாத்திரை... பொடி பண்ணி..." அழுதார். "வீடு அவ பேர்ல இருக்கு. வித்துட்டு நிரந்தரமா அங்கேயே போயிடப் போறேன்னா. என்னை நடுத்தெருவுல விட்டுட்டு..."

மீதியை யாரும் கேட்கவில்லை. ஸ்க்ரூ ஏற்கெனவே டாக்டருக்குப் போனில் கத்திக்கொண்டிருந்தான்.

"ஹார்ட் மாத்திரை டாக்டர்! ஹார்ட் மாத்திரை!"

"அதான் நாடி இப்படி இறங்குது! மாத்து மருந்து கையிலேயே இருக்கு. வைங்க போனை!"

மறுநாள் காலை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா கண் திறந்தாள். ஸ்க்ரூ சின்னக் குழந்தை மாதிரி விசும்பி விசும்பி அழுதான். இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றாள்.

எல்லாவற்றையும் அக்கா கேட்டு முடித்தாள். கண்ணோரம் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. அத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதன்.

"வேலையை அரைகுறையா விட்டுட்டுப் போனதுக்கு என்னை மன்னிச்சிடுக்கா" என்றான் ஸ்க்ரூ.

"மன்னிப்பா?" இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தாள். "தம்பி, நீ மட்டும் அந்த அகராதியை ஒழுங்கா ஏத்திக் குடுத்திருந்தா, பெட்டி ஜம்முனு வந்திருக்கும். அந்த ஆள் சொன்ன பொய் உண்மையாவே ஆகியிருக்கும். உங்க அக்கா இன்னிக்கு இருந்திருக்க மாட்டாங்க!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்கு எவ்வளவு காலம் கிடைக்கும் மேடம்?"

"வருஷக்கணக்குல கிடைக்கும்மா. கவலையே படாதீங்க."

"டேய் ஸ்க்ரூ... ஜப்பானிய மொழிப் பாடப் புத்தகம் ஒண்ணு வாங்கி ஜெயிலுக்கு அனுப்பிடு."

"அந்தாளுக்கா? எதுக்குக்கா?"

அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

"ஜப்பான் எழுத்தையே படிச்சுட்டேன்னு அவ்வளவு ஆசையா சொன்னாரே, பாவம்! அங்க ஷிஃப்டும் கிடையாது, மௌஸும் கிடையாது. கம்பியை எண்ணி முடிச்சதும்... உட்கார்ந்து எழுத்தை எண்ணட்டும்!"