நாளைக்கு வாங்க, டீச்சர்

மழைக்கு ஒதுங்கியவளிடம் உலகநாதன் பதினோரு வகை நைலான் நூலை எடுத்துக் காட்டினான்.

பழவேற்காடு கடைத்தெருவில் வலைநூல், கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கும் கடை அவனுடையது. அதாவது அவன் நைனா செங்கல்வராயனுடையது. உலகநாதனுக்கு வயது இருபத்தாறு. பி.காம். தேறியவன் என்பதால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார உரிமை உண்டு. கல்லாவைத் திறக்க உரிமை இல்லை.

"இது இறால் வலைக்கு... இது நண்டு வலைக்கு... இது கொஞ்சம் ஒசத்தி. ஏரிக்கும் ஆவும், கடலுக்கும் ஆவும்..."

அவள் காற்றில் எதிர்ப்பக்கமாகப் புரண்டுவிட்ட குடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இமை நுனியில் ஒரே ஒரு மழைத்துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தத் துளிக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் அவனைப் பார்த்தன. பன்னிரண்டாவது நூலுக்குப் போன கை அலமாரியிலேயே தங்கிவிட்டது.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"இன்னாங்க?"

"நூல் காட்டறது."

"உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க..."

"நூல் வேணாங்க. அஞ்சு பசங்களுக்கு வேலை வேணும்."

பெயர் பூங்கோதை. திருப்பாலைவனத்தில் நெல் போடும் வீட்டுப் பெண். இந்த ஊர்ப் பள்ளியில் புதிதாக வந்திருக்கும் பிளஸ் டூ தொழிற்பிரிவுக்குத் தற்காலிக ஆசிரியை. பாடம், விற்பனை. பசியாவரத்திலிருந்து படகேறி வந்து படிக்கும் மாணவர்கள் ஐந்து பேர். வாடிக்கையாளரை எப்படி வரவேற்பது என்று ஐந்து பக்கம் மனப்பாடம் செய்திருந்தார்கள். வரவேற்கத்தான் ஒரு வாடிக்கையாளரும் இல்லை.

"ஒரு மாசம் கடையில நின்னு பழகணும். ஆளுக்கு ஒரு கடை. அடுத்த திங்கக்கெழமை சென்னையிலேர்ந்து அதிகாரி வர்றாரு. அதுக்குள்ள அஞ்சு கடை ஒத்துக்கலன்னா இந்தப் பிரிவையே மூடிடுவாங்க. பசங்க படிப்பு போயிடும். கடைக்காரங்க சங்கத்துக்கு உங்க நைனாதான் தலைவராமே..."

தன் வேலையும் போய்விடும் என்பதை அவள் சொல்லவில்லை. கண்கள் சொல்லிவிட்டன.

செங்கல்வராயன் கடையில் ஒரு சட்டம் உண்டு. படியேறி வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. கேட்ட சரக்கு இல்லாவிட்டால் 'நாளைக்கு வாங்க' என்பார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். தெரு முழுக்க இதே பாஷைதான். நாளைக்கு என்று சொல்லக் கேட்டு யாரும் மறுநாள் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"சங்கத்துல பேசணும்..." என்றான் உலகநாதன். "நாளைக்கு வாங்க, டீச்சர்."

"ரொம்ப நன்றிங்க!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் துளி விழுந்தது.

மறுநாள் ஒன்பதரை பஸ்ஸில் அவள் வந்து இறங்கி நேராகக் கடைப்படி ஏறியபோது, உலகநாதன் கையிலிருந்த நூல்கண்டைத் தெருவரைக்கும் உருளவிட்டான். அவளுடைய ஊரில் 'நாளைக்கு மடை தொறக்கறேன்' என்று ஒருவர் சொன்னால் மறுநாள் வயலுக்குத் தண்ணீர் வரும். வார்த்தைக்கு அதுதான் அர்த்தம் என்று அவள் நம்பியிருந்தாள்.

"பேசினீங்களா?"

"நைனாவுக்கு ஜலதோஷம். ஜலதோஷத்துல சம்மதம் வாங்கினா செல்லாது, டீச்சர். நாளைக்கு..."

"சரிங்க, வரேன்."

புதன்கிழமை அவன் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே டீ சொல்லி வைத்தான். அது ஆறிப்போனதும் இன்னொன்று சொன்னான்.

"நீங்க விற்பனை பாடம்தானே? எங்க, இந்தக் கயித்தை என்கிட்ட வித்துக் காட்டுங்க."

"எதுக்குங்க கயிறு உங்களுக்கு?"

"படகு கட்ட."

"படகு இருக்கா?"

"இல்லியே."

"அப்போ மொதல்ல படகு வாங்கிட்டு வாங்க. கயிறு எங்க ஓடிடப் போவுது?"

"இப்டி வித்தா கடை வெளங்கிடும்!"

"ஒரு தபா உண்மையைச் சொல்லிப் பாருங்க. வாங்காம போனவன்கூடத் திரும்பி வருவான்."

அவள் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். கேட்டுவிடலாம். நைனா உள்ளேதான் இருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. காரியம் முடிந்தவள் அப்புறம் எதற்கு வருவாள்...?

"நாளைக்கு வாங்க, டீச்சர்."

வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது எதிர்க் கடை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த இனாயத்துல்லா பாய் மனசு கேட்காமல் கூப்பிட்டார்.

"ஏம்மா, தெனமும் நடக்கறியே... இந்தத் தெருவுல நாளைக்குனா இல்லைனு அர்த்தம்மா. உனக்கு யாரும் சொல்லலியா?"

அவள் தெருவைக் கடந்து வந்தாள். அன்று மழை இல்லை. ஆனாலும் கண்கள் நனைந்திருந்தன.

"பாய் சொல்றது நெசமா?"

உலகநாதன் தரையைப் பார்த்தான்.

"இல்லைனு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பொன்னேரியிலயாவது கேட்டிருப்பேன். நாலு நாள் போச்சு. அந்தப் பசங்களுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

"டீச்சர்... நான் வந்து..."

"உங்களுக்கு வெளையாட்டு!"

போய்விட்டாள். அன்றைக்குச் சொல்லி வைத்திருந்த டீயும் ஆறியது. உள்ளே மிதவை மூட்டைக்குப் பின்னாலிருந்து செங்கல்வராயன் வெளியே வந்தார்.

"இன்னாடா, சரக்கை உள்ள வெச்சிகினே இல்லைன்ட்டியா?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டியே, நைனா..."

"மாட்டேன்தான். பசங்க நூலைச் சிக்காக்கிடும். ஆனா நீ நாலு நாளா ஆக்கி வெச்சிருக்கிற சிக்கை எவன் எடுக்கறது? பஸ் சத்தம் கேட்டா எந்திரிக்கிற, அது போனா உக்காந்துகினு மோட்டுவளையைப் பாக்கற. உன்னைவிட மோசமாவா ஒரு ஸ்கூல் பையன் யாவாரம் பண்ணிடுவான்? அனுப்பச் சொல்லு."

"மத்த நாலு கடை?"

"நீ கெடுத்தது. நீயே போ. தலைவர் சொன்னார்னு என் பேரை இழுக்காத."

சனிக்கிழமை உலகநாதன் தெருவில் இறங்கினான். மளிகைக்கடை துளசிங்கம் விஷயத்தைக் கேட்டுவிட்டு அன்பாகச் சொன்னார்: "நாளைக்கு வா, நாதா."

அந்த இரண்டு வார்த்தை இவ்வளவு கனமா? அவன் வெல்ல மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டான்.

"இன்னாடா உக்காந்துட்ட?"

"நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கேன், அண்ணே."

வருகிறவர்களுக்கெல்லாம் அவனே எழுந்து, கற்பூரமும் பருப்பும் எங்கே என்று தேடி, உளுந்தைக் கேட்டவருக்குப் பயறைக் கொடுத்தான். மதியத்துக்குள் துளசிங்கம் கும்பிட்டார். "பள்ளிக்கூடத்துப் பசங்களே பரவால்ல. நீ எழுந்து போ!"

மருந்துக்கடையில் ஒரு சாயங்காலம். பாத்திரக்கடையில் ஞாயிறு காலை முழுக்க. இனாயத்துல்லா பாய் மட்டும் உட்காரவே விடவில்லை. "ஒரு பொண்ணை எங்க கடைக்கு அனுப்பு. துணி மடிக்கக் கத்துக் குடுக்கறேன். நீ மொதல்ல அந்தப் புள்ளகிட்ட மன்னிப்பு கேளு."

திங்கட்கிழமை காலை பள்ளித் தாழ்வாரத்தில் பூங்கோதை நின்றிருந்தாள். வகுப்பு ஜன்னலில் ஐந்து தலைகள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நனைந்து ஒட்டிய இஸ்திரி சட்டையோடு ஒருவன் வந்து, சட்டைக்குள்ளிருந்து நனையாத ஒரு தாளை எடுத்து நீட்டினான். அதில் ஐந்து கடைகளின் பெயர், ஐந்து கையெழுத்து.

இரண்டு முறை படித்தாள்.

"யாருமே நாளைக்குனு சொல்லலியா?"

"பாயைத் தவிர எல்லாரும்தான் சொன்னாங்க. நான் எழுந்திருக்கல."

உதட்டோரம் ஏதோ துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"உங்க கடையில எடம் இருந்துச்சில்ல? அப்புறம் ஏன் அலைய வெச்சீங்க?"

உலகநாதன் ஜன்னலைப் பார்த்தான். ஐந்து தலைகளும் மரியாதையாகக் கீழே இறங்கின. காதுகள் மட்டும் அங்கேயே இருந்தன.

"மொத தபா சொன்னது இல்லைனு அர்த்தத்துலதான், டீச்சர். தப்பு. மத்த மூணு தபா..." ஈரச் சட்டை நுனியைப் பிழிந்தான். "மத்த மூணு தபா, நெசமாவே நீங்க நாளைக்கு வரணும்னு. சரின்ட்டா நீங்க வரமாட்டீங்களேனு. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. இதை எப்டி சொல்றதுனு எங்க நைனா சொல்லிக் குடுக்கல..."

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம்.

"அதிகாரி வந்துட்டாரு," என்று தாளை மார்போடு அணைத்துக்கொண்டு நாலடி போனாள். நின்றாள். திரும்பாமலே சொன்னாள்:

"ஞாயித்துக்கெழமை எங்கப்பா வீட்லதான் இருப்பாரு. உங்க நைனாவையும் கூட்டினு வாங்க."

"அவரு... ஒத்துக்குவாரா?"

"அம்மா பேசிக்குவாங்க. நான் வியாழக்கெழமையே அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"வியாழக்கெழமையேவா!"

இப்போது திரும்பினாள். அந்தக் கண்கள்...

"பின்ன? வெள்ளிக்கெழமை எனக்கு எதுக்கு அவ்ளோ கோவம் வந்துச்சுனு நெனச்சீங்க?"