சிவப்பில் வராத வரி

அந்த வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியபோது மத்தியானம் மூன்றரை மணி. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனுக்கு எல்லா வீடும் ஒன்றுதான். ஆனால் இங்கே உள்ளே நுழைந்ததுமே ஒன்று உறுத்தியது. எந்த அறைக்கும் கதவு இல்லை. நிலை மட்டும் இருந்தது, கீல் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. குளியலறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது.

“பிள்ளைங்க இருக்கிற வீட்ல கதவு எதுக்கு தம்பி?” என்றார் அப்பா, ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

மூத்த பெண் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் கம்ப்யூட்டரில் கண்காணிப்பு சாஃப்ட்வேர் போட்டிருந்தார்கள். அவள் எதைத் தட்டினாலும் அப்பா, அம்மா இருவர் போனுக்கும் ரிப்போர்ட் வரும். அதை அப்படியே சின்னவளுக்கு மாற்றித் தர வேண்டுமாம். பெரியவளை இழந்த துக்கத்தைவிட, சின்னவளை இத்தனை நாள் சும்மா விட்டுவிட்ட துக்கம்தான் அந்த இரண்டு முகத்திலும் தெரிந்தது.

“ஒரே ஒரு கோளாறு,” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “தினமும் நாலு பத்துக்கு ரிப்போர்ட் வருது. வெறும் வெள்ளைத் தாள் மாதிரி.”

“எந்த கம்ப்யூட்டர்ல இருந்துங்க?”

“இதுல இருந்துதான்.”

பின்பக்கம் பார்த்தேன். கரண்ட் ஒயரே இல்லை.

என் ஒயரைச் செருகித் திறந்தேன். முதலில் வந்தது வார்த்தைப் பட்டியல். காதல், சினிமா, பார்ட்டி, வகுப்புப் பையன்கள் பதினேழு பேரின் பெயர்கள். இந்த வார்த்தைகள் இருக்கும் வரி மட்டும் ரிப்போர்ட்டில் சிவப்பாக வரும்.

“சிவப்பை மட்டும்தான் படிப்போம்,” என்றார் அப்பா. “மத்ததை உக்காந்து படிக்க நேரம் ஏது?”

பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்தேன். அவள் இறப்பதற்கு முந்தைய பதினோரு நாளில் ஒரு வரிகூடச் சிவப்பு இல்லை.

‘மூச்சு விட்டா நெஞ்சு வலிக்குது, ஏன்?’

‘படுத்தா மூச்சு திணறுது.’

‘பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறேன்னு சொல்றாங்க. எப்படி நம்ப வைக்கிறது?’

பதினோரு நாளும் இரண்டு போனுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தவர்கள் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. மூன்று வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

“அதெல்லாம் சிவப்புல வரலையே,” என்றார் அப்பா. குற்றம் சாஃப்ட்வேர் மேல்.

அப்போது மருந்து நெடி அடித்தது.

எனக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலி மெல்ல முனகியது. யாரோ மூச்சை இழுத்தார்கள். பாதியில் நின்றது. மறுபடி இழுத்தார்கள்.

மணி நாலு பத்து.

திரையில் அந்த வார்த்தைப் பட்டியல் தானாகத் திறந்து, அடியில் ஒவ்வோர் எழுத்தாக ஒரு வார்த்தை ஏறியது. மூச்சு.

இரண்டு போனும் ஒன்றாக அலறின. திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி.

‘தங்கச்சிக்கும் மூச்சு வாங்குது.’

“யாரோ விளையாடறாங்க. அழிச்சுடு தம்பி,” என்றார் அப்பா. “அவளுக்கு நாளைக்குப் பரீட்சை,” என்றாள் அம்மா.

இரண்டு பேரும் நகரவில்லை. நான் அடுத்த அறைக்கு ஓடினேன். திறப்பதற்குக் கதவுகூட இல்லை, பத்தடி தூரம்தான். சின்னவள் நோட்டுப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“நடிக்கலைண்ணா,” என்றாள்.

அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக் காரில் ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். அக்காவுக்கும் இதே நோய்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அப்பா தலையைக் குனியவில்லை. அடுத்த பரீட்சை எப்போது எழுதலாம் என்று கேட்டார். பெற்றவனாம்!

அவர்கள் வேண்டாமென்று தள்ளிவிட்ட அந்தக் கம்ப்யூட்டர் இப்போது என் கடை மூலையில் கிடக்கிறது. உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி உடைத்துவிட்டேன். ஆனாலும் தினமும் நாலு பத்துக்கு என் போனுக்கு ரிப்போர்ட் வருகிறது. என் நம்பரை நான் அதில் பதிந்ததே இல்லை.

‘அவ இன்னிக்கு மாத்திரை போடலை.’ சிவப்பில் வரும். நான் அந்த வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வேன். “என் வீட்டை வேவு பார்க்க நீ யாருய்யா?” என்று அப்பா கத்துவார். ஆனாலும் மாத்திரை கொடுப்பார்.

நேற்றும் ஒரு வரி வந்தது.

‘அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குது.’

அது சிவப்பில் இல்லை.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. சிவப்பில் வராததைப் படிப்பது அந்த வீட்டு வழக்கமில்லை. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

ஆளில்லாத கடையில், என் காதருகே, யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.