காலையின் முதல் ஸ்டார்ட்

கார் எங்கள் பட்டறைக்கு வந்தபோது ஒழுங்காகத்தான் ஓடியது. கணக்கு டீச்சர் ஓட்டிக்கொண்டு வந்து நிழல் பார்த்து நிறுத்தினார். பழைய வண்டி. அவர் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறதாம்.

"ஸ்டார்ட் பண்றப்ப ஒரு சத்தம் வருது. காலையில முதல் தடவை மட்டும்தான்," என்றார்.

"என்ன மாதிரி சத்தம் டீச்சர்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினார். "யாரோ பேச வாயெடுத்துட்டு நிறுத்தற மாதிரி."

மாப்பிள்ளை சிரித்தேவிட்டான். மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். பதினோரு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும்தான் பட்டறை. நான் பாதி வேலை, அவன் மீதி வேலையும் முழுப் பேச்சும். அந்தப் பேச்சில் மயங்கித்தான் என் தங்கை அவனைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகு அதே பேச்சுக்குத் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டாள்.

டாக்டரைப் பார்த்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் ஓடிப்போகும் இல்லையா, மெக்கானிக்கைப் பார்த்தால் வண்டியும் அப்படித்தான். சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. ராத்திரி முழுக்க ஆறினால்தான் இது பிடிபடும் என்று வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னோம்.

மறுநாள் காலை எட்டு மணி. நல்ல வெயில். நான் சாவியோடு உள்ளே உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பானெட்டைத் தூக்கினான்.

பானெட்டைத் தூக்கிவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு எதிரே நிற்கும் ஆள் தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரே சட்டம். என்ஜின் பக்கம் நிற்பவன் கையை வெளியே எடுத்துவிட்டு "அடி" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வராமல் சாவியைத் திருப்பக் கூடாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நாங்கள் அதை மீறியதில்லை.

"செல்ஃப் அடி மச்சான்!"

அடித்தேன். கரகரவென்று சுற்றியது. என்ஜின் பிடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு மூச்சு, உள்ளே இழுக்கும் மூச்சு.

டீச்சர் சொன்னது சரிதான்.

ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினோம். கார்பன் பிரஷ் தேய்ந்து கிடந்தது, மாற்றினோம். பல் சக்கரத்தைத் துடைத்து கிரீஸ் தடவினோம். மறுநாள் காலை கரகரப்பு போய்விட்டது. மூச்சு போகவில்லை. தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டவன் போல, இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஓடும் என்ஜினில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டான் மாப்பிள்ளை. எங்கள் தொழிலுக்கு ஸ்டெதஸ்கோப் அதுதான். நெடுநேரம் கேட்டான்.

"பெல்ட் பக்கந்தான் மச்சான். உருளையில பேரிங் போயிருக்கும்," என்றான். பிறகு என்ஜினுக்குள் குனிந்து, "என்னடா, பேசணுமா? வெக்கப்படாம பேசேன்டா!" என்று கிண்டல் செய்தான்.

நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் உருளையில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் குனிந்தான். எனக்குப் பானெட்டின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. ஏசி ஓட்டையிலிருந்து வெதுவெதுப்பான காற்று என் முகத்தில் பட்டது. தூங்கி எழுந்தவன் வாய் வாடை அடித்தது.

நான் இன்னும் சாவியைத் திருப்பவே இல்லை.

"அடி மச்சான்."

அவன் குரல். சந்தேகமே இல்லை.

அடித்தேன்.

அன்றைக்கு மூச்சு கேட்கவில்லை. அலறல்தான் கேட்டது.

வலது கையில் நான்கு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. தங்கை ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். "பாத்து அடிச்சிருக்கக் கூடாதாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவன் சொன்னான்மா. சொன்னதாலதான் அடிச்சேன்."

"கையை உள்ள வச்சுக்கிட்டா சொல்லுவாரு?"

செத்துப்போகலாம் போல இருந்தது. மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தங்கை முகத்தைப் பார்ப்பேன். ஆனால் மயக்கம் தெளிந்தவன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை, அதிர்ச்சிதான் என்றார் டாக்டர். வாய் மூடாதவன் மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினான். பார்க்கச் சகிக்கவில்லை.

மதியம் தங்கையை வீட்டில் விட்டேன். வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அந்தக் கார் பானெட்டைத் தூக்கியபடியே நின்றது. ஆத்திரம் தாங்கவில்லை. "சனியனே, உன்னைத் துண்டு துண்டா வெட்டி இரும்புக் கடையில போடல, பாரு!" என்று அதன் முகத்துக்கு நேரே கத்திவிட்டு, பானெட்டை ஓங்கி அறைந்து மூடினேன்.

உள்ளே ஏதோ மூச்சை இழுத்துக்கொண்டது.

வார்டுக்குத் திரும்பினேன். மாப்பிள்ளை ஜாடை காட்டிக் காகிதம் கேட்டான். இடது கையால் கோணல்மாணலாக எழுதினான்.

நான் சொல்லல.

எனக்கு உயிரே போய்விட்டது. அவன் நிறுத்தாமல் கீழே எழுதினான். எனக்கும் கேட்டுச்சு மச்சான். என் குரல்தான். கையை எடுக்கறதுக்குள்ள நீ அடிச்சிட்ட. உன் மேல தப்பில்ல.

அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். தங்கையிடம் இதைக் காட்ட வேண்டும், அது போதும் என்று இருந்தது. அவன் களைத்துத் தூங்கிப்போனான். அப்போது போன் அடித்தது. தங்கைதான்.

"அண்ணா, அதுக்குள்ள எப்படி விட்டாங்க அவரை? வாசல்லேர்ந்து கூப்பிடறாரு. குரல் நல்லா வந்துடுச்சுண்ணா!" அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள்.

என் எதிரே, கட்டிலில், மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

"நீங்களும் கூட வந்திருக்கீங்களா?"

திறக்காதே என்று கத்தினேன். வெறும் காற்றுதான் வந்தது. நரம்பு புடைக்க மறுபடி கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமாம்மா, நான்தான். திற."

போனுக்குள்ளே, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என் குரல் சொன்னது.

"இதோ வந்துட்டேண்ணா," என்றாள். தாழ்ப்பாள் விலகியது.