சுட்ட கண்

2017 நவம்பர் 9, ஜப்பானின் கொமாட்சு நகரம். பள்ளிக்குப் போன எட்டு வயது மிதோரி வீடு திரும்பவில்லை.

கடத்தியவன் பணம் கேட்கவில்லை. அவள் தாத்தா வைத்துவிட்டுப் போன, கொக்கும் ஆமையும் வரைந்த பழைய பீங்கான் ஜாடியைக் கேட்டான்.

சொன்ன இடத்தில் கொண்டுபோய் வைத்தாள் தாய் ஃபுசாயே. கணவனை இழந்தவள். இருப்பது ஒரே மகள்.

மறுநாள் காலை போன் அலறியது.

"பொண்ணு கோயில் வாசல்ல நிக்கும்."

போலீஸ் கார் பறந்தது. ஃபுசாயே கொழுந்தன் தெத்சுரோவுக்குப் போன் செய்தாள்.

அரைமணியில் வந்து நின்றான். கையில் சிவப்புப் பீங்கான் தாருமா, வேண்டுதல் பொம்மை.

மகள் காணாமல் போன அன்று, அவள் திரும்பிவர வேண்டிக்கொண்டு அதற்கு ஒரு கண் எழுதியிருந்தாள் ஃபுசாயே. பலித்தால் மறு கண் எழுதுவது வழக்கம். 'வர்ணம் அழிஞ்சிரும் அண்ணி, என் கரண்டு சூளையில சுட்டுத் தர்றேன்' என்று அவன்தான் வாங்கிப் போயிருந்தான்.

இப்போது இரண்டு கண்கள்.

"நீங்க போன் பண்ணதும் மறு கண்ணையும் எழுதிட்டேன் அண்ணி. பலிச்சிருச்சே."

வீட்டில் காவலுக்கு இருந்த இன்ஸ்பெக்டர் ஹயாமியின் செல் ஒலித்தது. கேட்டார். முகம் இறுகியது.

"கோயில்ல யாருமில்லைம்மா."

"நல்லாப் பாக்கச் சொல்லுங்க சார்... குளிருன்னா எங்கயாவது ஒளிஞ்சுக்குவா..."

"பாத்துட்டாங்க."

ஃபுசாயே பொம்மையைப் பிடுங்கினாள்.

"அப்ப இந்த மறு கண்ணு எதுக்கு?"

ஸ்வெட்டர் கையால் தேய்த்தாள். அழியவில்லை. சுரண்டினாள். நகம் உடைந்தது. கண் அப்படியே இருந்தது.

பீங்கானில் வர்ணம் தீட்டிப் பிழைப்பவள் அவள். கை நின்றது.

"தம்பி... இது சுட்ட கண்ணு."

"காய்ஞ்சிருக்கும் அண்ணி."

"சுட்டு ஆற ஒரு ராத்திரி வேணும். நான் போன் பண்ணி அரைமணிதான் ஆகுது."

தெத்சுரோ கதவைப் பார்த்தான். அங்கே ஹயாமி நின்றார்.

"ரெண்டு கண்ணையும் ஒரே சூளையில முடிச்சுட்டீங்களாக்கும்? கரண்டு மிச்சம். உக்காருங்க."

"எம் பொண்ணு எங்கடா?"

"ஜாடி எனக்கு வர வேண்டியது... அப்பா அண்ணனுக்கு மட்டும் குடுத்துட்டாரு."

"எங்கடா?"

"விடத்தான் கூட்டிட்டுப் போனேன். கண்ணைக் கட்டியிருந்தும் 'சித்தப்பா'ன்னுட்டா அண்ணி... அப்புறம் எப்படி விடுறது?"

ஃபுசாயே அவன் சட்டையைப் பிடித்தாள்.

"என் களிமண் கிடங்கு... சாக்கு மூட்டைக்குப் பின்னால."

"மூச்சு இருக்கா?"

"நான் கிளம்பும்போது... இருந்துச்சு."

மிதோரியை உயிரோடு தூக்கி வந்தார்கள்.

தெத்சுரோவுக்குப் பதினோரு ஆண்டு சிறை. அங்கே சாப்பாட்டுத் தட்டு பிளாஸ்டிக்.