சுபாஷ் செய்த முகம்

வேணு வீட்டு முன்னறையில் அன்று நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேணு, கட்டில் ஓரத்தில். கேம் பெட்டி அவனுடையது, அதனால் கட்டிலும் அவனுக்குத்தான். திவ்யா, மின்விசிறிக்கு நேர் கீழே. நிவேதா, சுவரில் சாய்ந்தபடி அவளுக்குப் பக்கத்தில். விக்கி, வாசற்படியில். அவன் அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்ததால் திருப்பாலைவனத்திலிருந்து கோட்டைக்குப்பத்துக்குப் புதிதாகக் குடிவந்தவன்.

நிவேதாவுக்கும் திவ்யாவுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அது சுபாஷின் இடம்.

சுபாஷ், நிவேதாவின் அண்ணன். ஜூன் மாதம் விடுதிப் பள்ளியில் சேர்ந்துவிட்டான். அங்கே போன் கூடாது. கடிதம் மட்டும்தான்.

ஆனால் வேணுவின் கேம் பெட்டிக்குள் சுபாஷ் இருந்தான். பெட்டியை ஆன் செய்தால் டி.வி.யில் நான்கு முகங்கள் வரிசையாக வரும். முடி, கண், மூக்கு, தொப்பி என்று பொறுக்கி எடுத்து அவரவரே செய்துகொண்ட முகங்கள். அதற்குமேல் அந்தப் பழைய பெட்டியில் இடமில்லை. சுபாஷ் தன் முகத்தைச் செய்ய ஒரு மத்தியானம் முழுக்க எடுத்துக்கொண்டான். "பார்க்காத, முடிஞ்சதும் காட்றேன்" என்று நிவேதாவைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்துவிட்டான்.

பழவேற்காடு ஏரியில் வலை போடுவதற்கு அந்த ஊரில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்று உங்கள் வீட்டுப் பாடு என்றால், உங்கள் இடத்தில் வேறு யாரும் வலை போடமாட்டார்கள். பிள்ளைகள் கேமையும் அப்படித்தான் ஆடினார்கள். சுபாஷின் பாடு வந்தால் நிவேதா ஆடுவாள், அண்ணனின் முகத்தோடு. கேமில் அந்த முகம் பந்தயப் படகில் ஏறி எல்லாரையும் முந்தும்போது, காலி இடத்திலிருந்து யாரோ "ஓட்டு, ஓட்டு!" என்று கத்துவது போலவே அவளுக்கு இருக்கும்.

அன்று சுபாஷின் பாடு வந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்திலிருந்து வேணுவின் அம்மா ஜெயம்மா குரல் கொடுத்தார்.

"ஏய் பசங்களா! தூறல் போடுது, கருவாடு நனையுது! இன்னா அந்தப் பொட்டி முன்னாடியே குந்திக்கினு கீறீங்க? ஓடியாங்க!"

மூவரும் ஓடினார்கள். புதுப் பையன் ஆயிற்றே என்று விக்கியை யாரும் கூப்பிடவில்லை.

கருவாட்டை அள்ளி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பியபோது டி.வி.யில் சுபாஷைக் காணோம். அவன் இருந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியும் பெரிய மீசையுமாக யாரோ இருந்தார்.

"நான்தான்!" என்றான் விக்கி. "நல்லாருக்கா?"

"டேய், இன்னாடா பண்ணி வெச்சிருக்க?" வேணு கத்தினான். "அது சுபாஷோட பாடுடா!"

"அவன்தான் ஊர்லயே இல்லையே. சும்மா கிடக்குதுனு..."

"ஆள் இல்லனாலும் பாடு அவங்க வூட்டுதுதான்! உங்க ஊர்ல பக்கத்து வயல்ல ஆள் இல்லனா, நீ போயி நாத்து நடுவியா?"

விக்கியின் முகம் சுருங்கியது. "எனக்கு அதெல்லாம் தெரியாதுடா."

நிவேதா டி.வி.க்குப் பக்கத்தில் போய் அந்த மீசையையே பார்த்தாள்.

"திரும்பச் செஞ்சிடலாம், நிவேதா" என்று திவ்யா கன்ட்ரோலரை எடுத்தாள். "வலது பக்கம் வகிடு..."

"இடது பக்கம்" என்றான் வேணு.

"தொப்பி நீலம்."

"பச்சைடி! உனக்குக் கண்ணுல இன்னா கோளாறு?"

"நிவேதா, நீ சொல்லு."

நிவேதா கண்களை மூடினாள். தினமும் பார்த்த முகம்தான். படகு தெரிந்தது. சிரிப்பு தெரிந்தது. வகிடு தெரியவில்லை. தொப்பியின் நிறமும் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"எனக்கே ஞாபகம் இல்ல" என்றாள்.

"உங்க வீட்டு போன்ல போட்டோ இருக்குமே..." விக்கி மெதுவாகக் கேட்டான்.

"போட்டோல இருக்கிறது அவன் மூஞ்சி. இது அவன் செஞ்ச மூஞ்சி."

விக்கி எழுந்து செருப்பைத் தேடினான். "என் மூஞ்சிய அழிச்சிடுங்க. நான் இனிமே வரல."

தலையைத் தொங்கப்போட்டு வாசலில் நின்ற அவனை நிவேதா பார்த்தாள். விடுதியில் சுபாஷும் இப்படித்தான் நிற்பானோ? யாருடைய இடம் எது, எந்த முறை யாருக்கு என்று தெரியாமல், திட்டு வாங்கிக்கொண்டு?

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விக்கி, போகாத. என் மூஞ்சிய அழிச்சிட்டு அங்க உன்னோடத செஞ்சுக்கோ."

"அப்ப நீ?"

"அண்ணன் பாடு வரும்போது ஆடிக்கிறேன். எனக்கு அது போதும். மீசையை மட்டும் கொஞ்சம் சின்னதா வைடா, பார்க்கவே பயமா இருக்கு."

விக்கி சிரித்துவிட்டான். நிவேதாவின் இடத்தில் சின்ன மீசையோடு தன் முகத்தைச் செய்துகொண்டு, முன்பு செய்ததை அழித்தான். சுபாஷின் இடத்தில் இப்போது கண்ணும் மூக்கும் இல்லாத வெறும் வட்டம் நின்றது.

"முட்டை மாதிரி கீது" என்றாள் திவ்யா. நிவேதாவுக்கும் சிரிப்பு வந்தது.

அன்று சாயங்காலம் அவள் கடிதம் எழுதினாள்.

"அன்புள்ள அண்ணா, அம்மா, நைனா, நான் எல்லாரும் நலம். கேம் பெட்டியில் உன் முகம் அழிந்துவிட்டது. யார் என்று கேட்காதே, தெரியாமல் நடந்துவிட்டது. உன் பாடு அப்படியே இருக்கிறது. கீழே ஒரு முட்டை வரைந்திருக்கிறேன். அதில் வகிடு, கண், தொப்பி எல்லாம் போட்டு, நிறத்தையும் எழுதி அனுப்பு. பழைய முகம் உனக்கும் மறந்திருந்தால், இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படி வரை. அங்கே உன்னை விளையாடச் சேர்த்துக்கொள்கிறார்களா? அதையும் எழுது."

உறையை விக்கி சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினான். பிரியாமல் இருக்க அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் பார்த்தான்.

மறுநாள் காலை அவன் சைக்கிள் மிதிக்க, நிவேதா பின்னால் உட்கார்ந்து பழவேற்காடு தபால் நிலையத்துக்குப் போனாள். சிவப்புப் பெட்டியின் வாய்க்குள் கடிதத்தைப் போட்டாள். பிறகு விரல்களை உள்ளே விட்டுத் தடவினாள்.

கடிதம் கைக்கு அகப்படவில்லை. அண்ணனிடம் கிளம்பிவிட்டது.