வீட்டில் மட்டும் வரும் தலைவலி

"வீட்டு வேலைன்னா தலைவலி. யூனிவர்சிட்டி பஸ் ஏறினா சரியாப் போயிடும். இது என்ன ஜாதித் தலைவலின்னு நானும் மூணு மாசமா யோசிக்கிறேன்..."

மாமியார் இதை மருமகளைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துச் சொன்னாள். பால் பொங்கவில்லை, மருமகளுக்குத்தான் பொங்கிக்கொண்டு வந்தது.

ஆனால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் கொடுமை. குளிர் தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் சமையலறையில் அரை மணி நேரம் நின்றால் போதும், நெற்றி தெறிக்கும். பஸ் ஏறி நாலு நிறுத்தம் தாண்டினால் துடைத்துவிட்டதுபோல் போய்விடும். ஒருவேளை நான் நடிக்கத்தான் செய்கிறேனோ என்று அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

முப்பத்தெட்டு வயதில் பல்கலைக்கழகம் போகிறவள் அவள். சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல். குடிக்கிற தண்ணீரும் சுவாசிக்கிற காற்றும் குடியிருக்கிற வீடும் மனிதனின் உடம்பை என்ன செய்கின்றன என்று சொல்லித்தரும் படிப்பு. இரண்டு வருடம் ஆசை ஆசையாகப் படித்தாயிற்று. இன்னும் ஒரு வருடம் பாக்கி. ஆனால் விடிந்தால் ஒரு குத்தல் பேச்சு, இரண்டு பக்கமும் பேச முடியாமல் தலைகுனிந்து சாப்பிடும் கணவன்... எத்தனை நாள் தாங்குவது? படிப்பை நிறுத்திக்கொள்வதாகக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டாள். இன்று கொடுக்க வேண்டும்.

"கடுதாசி குடுக்கறதப் பத்தி நல்லா யோசிச்சியா?" என்று கேட்டான் கணவன். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். குளித்துவிட்டு வந்து சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"யோசிச்சாச்சுங்க. வீடு நிம்மதியா இருந்தா எனக்கு அது போதும்."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத்தான் கைப்பைக்குள் குனிந்தாள். கடிதத்தின் பக்கத்தில் அந்தச் சின்னக் கருவி கிடந்தது. காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது. வீட்டில் மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொண்டு வரச்சொல்லி வகுப்பில் கொடுத்திருந்தார்கள். நிறுத்தப்போகிறவளுக்கு வீட்டுப்பாடம் எதற்கு? இருந்தாலும் வெறும் தாளை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

வாசலில் பூஜ்யம் காட்டியது. கூடத்தில் ஒன்பது. சமையலறையை ஒட்டிய பின்னறைக்குப் போனாள். குளிக்க வெந்நீர் போடும் கேஸ் கீசர் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கீழேதான் அவள் படிக்கிற மேசை. கருவி எண்பத்தாறு காட்டிவிட்டுக் கீச்கீச்சென்று அலறியது.

"கேஸ மூடுங்க. ஜன்னல் கதவெல்லாம் திறங்க. அத்தை, நீங்க வெளிய வாங்க. முதல்ல வெளிய வாங்க."

அந்த வீட்டில் அவள் போட்ட முதல் அதட்டல் அதுதான். மாமியார் மறுபேச்சுப் பேசாமல் கையில் கரண்டியோடு தெருவுக்கு வந்துவிட்டாள்.

"வாசனையே இல்லாத விஷம் அத்தை இது. கீசர் புகை போக வழியில்லாட்டி வீட்டுக்குள்ளயே தங்கிடும். தலை வலிக்கும். வெளிக்காத்துக்குப் போனா விட்டுடும்."

கணவன் அவளையே பார்த்தான். "அப்ப உன் தலைவலி..."

"நிஜம்தாங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் மூன்று மாதம் காத்திருந்தாள். இப்போது தாராளமாகவே அழுதாள்.

வீட்டுக்குள் காற்று மாறி, கருவி பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு அவன் பின்னறைக்குப் போனான். சுவரில் இருந்த காற்றுத் துவாரத்துக்குள்ளிருந்து எதையோ உருவிக்கொண்டு வந்தான். பழுப்பு நிற ஸ்வெட்டர்.

"யாரு இத உள்ள திணிச்சது?"

மாமியார் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான்தான்... அந்த ஓட்டை வழியா குளிர்காத்து நேரா இவ முதுகுல அடிச்சுது. தும்மித் தும்மிப் படிச்சா. சொல்லிட்டுச் செஞ்சா கிழவி இறங்கி வந்துட்டான்னு நினைச்சுக்குவா. அதான் சொல்லாம அடைச்சேன்."

மருமகள் அந்த ஸ்வெட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"எனக்கும்தான் வலிச்சுது" என்றாள் மாமியார் இன்னும் தணிந்த குரலில். "தலகாணிக்கு அடியில தைலம் வச்சிருக்கேன். உன்ன நடிக்கிறன்னு சொல்லிட்டு, எனக்கும் வலிக்குதுன்னு எந்த வாயால சொல்றது? உனக்குக் குளிரக் கூடாதுன்னு செஞ்சு, உன் உசுருக்கே உலை வச்சிருந்தேனே..."

"அத்தை..." என்று மருமகள் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தெருவென்றும் பாராமல் அழுதார்கள். கரண்டி நடுவில் குத்தியது. அழுகை எப்போது சிரிப்பானது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"ரெண்டு பேரும் டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம். ஆள் வந்து சரிபண்ற வரைக்கும் கீசரத் தொடாதீங்க" என்றான் கணவன்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அந்தக் கடுதாசியக் குடு. நீங்க பேசினது என் காதுலயும் விழுந்துது."

மருமகள் கொடுத்தாள். மாமியார் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது என்கிட்ட இருக்கட்டும். மூணாவது வருஷம் முடிச்சுட்டு வந்து கேளு, தரேன்."

பிறகு ஸ்வெட்டரை உதறி மருமகளின் தோளில் போர்த்தினாள். கருவியோடு அவளையும் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைக் கரண்டியால் தட்டினாள்.

"கதவத் திறம்மா. உங்க வீட்டுலயும் கீசர் இருக்குல்ல? எங்க வீட்டுப் படிப்பாளி வந்திருக்கா."