மிதிக்க மனசு வராத தோணி

காலைப் பலகாரம் முடிந்ததும் கிறகோரி சாப்பிடும் கையைக் கழற்றினார். அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேலைக் கையை மாட்டிக்கொண்டார். செவ்வாய்க் கிரகத்துக் கொற்கைக்குழியில் இதையெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொழில் செய்கிற எல்லோருக்கும் வலது முழங்கைக்குக் கீழே கைமாற்று வசதி உண்டு. தையல்காரிக்கு ஊசிக் கை, சமையல்காரருக்குக் கிண்டும் கை. கிறகோரியின் வேலைக் கையில் விரல்கள் கிடையாது. கம்பளி சுற்றிய ஒரு மெருகுச் சக்கரம்தான் இருக்கும். ஒருமுறை அவசரத்தில் அந்தக் கையோடு கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளைக்குக் கைகொடுத்து, பையனின் உள்ளங்கை ரேகையை வழவழவென்று அழித்துவிட்டு வந்தார். ஜோசியரிடம் போகும் தொல்லை இல்லாமல் அந்தப் பையன் இன்றுவரை சௌக்கியமாக இருக்கிறான்.

கொற்கைக்குழி என்பது ஒரு பெரும் பள்ளம். அதன் மேல் கண்ணாடி மூடுவானம் கவிழ்த்து, உள்ளே காற்று நிரப்பி, தூத்துக்குடிப் பக்கத்து ஜனங்கள் குடியேறி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. முதல் கப்பலில் வந்தவர்கள் அயினி மரத்தில் செய்த ஒரு தோணியையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாத கிரகத்துக்குத் தோணி எதற்கு என்று கேட்டவர்களிடம், “தண்ணி வராமலா போயிரும்?” என்றார்களாம். செவ்வாயில் இருந்த ஒரே மரச்சாமான் அதுதான். ஆகையால் அதற்கு ஒரு மரியாதை வந்து சேர்ந்தது. ஊர்க்கூட்டத்தில் சாட்சி சொல்ல வருகிறவர், தோணியின் பக்கப்பலகையில் உள்ளங்கையை வைத்து, “மரத்தறியச் சொல்லுதேன்” என்று ஆரம்பிக்க வேண்டும். மரத்தைத் தொட்டுச் சொன்னது மெய். மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

வருஷாவருஷம் குடியேற்றத் திருநாளுக்கு முன்னால் தோணிக்கு மெருகேற்றுவது கிறகோரியின் தொழில். பழைய வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பார். புது வார்னிஷைப் பூசிக் காயவிட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார். பிறகு மெருகுப்பசை வைத்துச் சக்கரத்தை ஓட்டுவார். ஊர்த்தலைவர் திரவியக்கனி வந்து, பலகையில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால்தான் அந்த விபரீதம் நடந்தது. சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிறகோரி கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார். ஒரே இடத்தில் சுற்றிய சக்கரம் சூடேறி, வார்னிஷை இளக்கி உள்ளே இறங்கியது. பதறிப்போய்க் கையை இழுத்துக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். மரத்தின் ரேகை தெரியும் என்று பார்த்தால், பனங்கற்கண்டு நிறத்தில் வார்னிஷ்தான் தெரிந்தது. இன்னும் சுரண்டினார். அப்போதும் வார்னிஷ். சுரண்டிச் சுரண்டிப் பலகையின் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்ததே தவிர, ஒரு சிராய் மரத்தைக் காணோம்.

விஷயம் சாதாரணமானது. ஒவ்வொரு வருஷமும் உப்புத்தாள் பழைய வார்னிஷோடு ஒரு மயிரிழை மரத்தையும் சேர்த்தே தின்றிருக்கிறது. போன மரத்துக்கு ஈடாகப் புது வார்னிஷ் ஏறியிருக்கிறது. தோணி அளவில் குறையவில்லை, தோணியாக மட்டும் இல்லாமல் போய்விட்டது. இவருக்கு முன்னால் இவர் மாமனாரும், அவருக்கு முன்னால் இன்னொருவரும் தேய்த்தவர்கள்தான். கடைசி மரத்தூள் யார் தாளோடு போனது என்று யாரால் சொல்ல முடியும்? கிறகோரிக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை. தன் தாளோடுதான்.

ஓட்டையை வார்னிஷ் ஊற்றி அடைத்துவிட்டு, வாயையும் அடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்குவதில்லை. யாராவது சத்தியம் செய்யத் தோணியை நோக்கி நடந்தால், இவர் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். வார்னிஷைத் தொட்டுச் சாட்சி சொல்லிப் பிரிந்த தம்பதி ஒன்று எதிர்வீட்டிலேயே, நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு வாழ்ந்தது. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் கிறகோரி தலையைக் குனிந்துகொள்வார்.

இந்த நிலைமையில்தான் ஏரி நிரம்பியது. மூன்று தலைமுறையாகப் பனியுருக்கி எந்திரங்கள் தரைக்கடியிலிருந்து உறிஞ்சி ஊற்றிய தண்ணீர், பள்ளத்தின் நடுவே தெளிந்து நின்றது. திரவியக்கனி அறிவித்துவிட்டார். திருநாளன்று தோணி தண்ணீரில் இறங்கும். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளை எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் ஏறுவார்கள். தலைவரே துடுப்புப் போடுவார். செவ்வாயில் நீச்சல் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. தோணிதான் இருக்கிறதே.

கிறகோரி மனைவியிடம் வந்து நின்றார்.

“ஏட்டி அலங்காரி, தோணியில மரமே இல்லட்டி.”

“மரமில்லாம? தங்கத்துலயா செஞ்சிருக்கு?”

“வார்னிசு. அம்புட்டும் வார்னிசு. மரத்த நான் தேச்சே தின்னுட்டேன்.”

அலங்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. “அப்ப இன்னும் எதுக்கு இங்க நிக்கிய? தலைவர்ட்ட ஓடுங்க. பச்சப்பிள்ளைய முங்கிச் சாவணுமா?”

“சொன்னா இந்த ஊருல எவன் சத்தியம் நிக்கும்? நம்ம கல்யாணமே அதத் தொட்டுச் செஞ்சதுதான.”

“அப்படின்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போலாங்கியளா?”

கிறகோரி சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. அலங்காரி இறங்கி வந்தாள்.

“நம்ம ஆளுகள ஒங்களுக்குத் தெரியாதா? எங்க சித்தி கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டு, சித்தி செத்த பொறவும் பெட்டிய விட்டு எறங்கல. நல்ல சாமான்ல கைவைக்க இவங்களுக்கு மனசு வருமா? கண்ணு கூசுத மாரி மினுக்கி விடுங்க. எவன் கால் வைக்கான்னு பாப்போம்.”

அந்த வருஷம் கிறகோரி தேய்த்த தேய்ப்பு மாதிரி எந்தக் கிரகத்திலும் எவரும் தேய்த்ததில்லை. பூச்சுக்கு மேல் பூச்சு, மெருகுக்கு மேல் மெருகு. பயத்தில் பாதி, குற்ற உணர்ச்சியில் பாதி. ஒரு கட்டத்தில் தோணி கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. மூடுவானமும் அதைத் தாண்டிய சிவப்பு ஆகாயமும்தான் அந்த இடத்தில் தெரிந்தன. தோணி எங்கே இருக்கிறது என்று தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

திருநாளன்று கரையில் கொண்டுவந்து நிறுத்திய தோணியைச் சுற்றி ஊரே கூடியது. திரவியக்கனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலது காலைத் தூக்கினார். தூக்கிய காலுக்குக் கீழே அவருடைய முகமே அவரை அண்ணாந்து பார்த்தது. கால் அந்தரத்தில் நின்றது.

“என்ன அண்ணாச்சி, ஏறலையா?” என்றது கூட்டம்.

“ஏறலாம்... கீறல் விழுமேவே.”

“செருப்பக் கழட்டிருங்க.”

“நகம் இருக்குல்லா?” தலைவர் காலை மெல்லத் தரையில் வைத்தார். “எப்பா, இத மிதிக்க எனக்கு மனசு வரல. தண்ணில போட்டா மங்கிரும். இன்னொரு நல்ல நாளாப் பாத்து எறக்குவோம்.”

கூட்டம் முழுவதும் ‘ஆமா, ஆமா’ என்றது. தாய்மார்கூடப் பிள்ளைகளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு தலையாட்டினார்கள். கிறகோரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது முழுசாக வந்து சேர்வதற்குள், ஒரு பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏரியில் கால் நனைக்கக் குனிந்தாள்.

“ஏ பிள்ள, கால எடு!” என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “எப்படித் தெளிஞ்சு கெடக்கு! கலக்கிப் போடுவ போலுக்கே!”

திரவியக்கனி தண்ணீரைப் பார்த்தார். அதிலும் அவர் முகம் தெரிந்தது. “நியாயந்தான். தோணிக்கே இவ்வளவு பாக்குறோம். தண்ணிய விட்டுருவமா? தூசி விழாம மேல கண்ணாடியில ஒரு உறை போட்டுருவோம். விசேஷத்துக்கு எடுத்துக்கிடலாம்.”

ஒரு தோணியைத் தின்றதே கிறகோரிக்குத் தாங்கவில்லை. இப்போது ஒரு ஏரியையும் சேர்த்துத் தின்றாகிவிட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார்.

“அண்ணாச்சி, ஏரிய மூடாதிய. நான் பாவி. தோணிய எறக்கிரக் கூடாதுன்னுதான் அப்படி மினுக்கினேன். அதுல மரமே கெடயாது. வெறும் வார்னிசு.”

திரவியக்கனி நிதானமாகச் சொன்னார். “பெரிய வார்த்தை சொல்லுதீரு. தோணியத் தொட்டுச் சொல்லும்.”

கிறகோரி இடது உள்ளங்கையைப் பலகையில் பதித்தார். “மரத்தறியச் சொல்லுதேன், இதுல மரம் இல்ல.”

கூட்டத்தில் யோசனை பரவியது. ஒரு பெரியவர்தான் முதலில் கணக்குப் போட்டு முடித்தார். “மரம் இல்லன்னா இந்தச் சத்தியம் செல்லாது. சத்தியம் செல்லும்னா உள்ள மரம் இருக்கு. எப்படிப் பாத்தாலும் மரம் இருக்குவே!”

சிரிப்பு மூடுவானத்தில் மோதித் திரும்பியது. “சக்கரப் புழுதி மண்டைக்கு ஏறிட்டுது அண்ணனுக்கு” என்று யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குப்பியில் அடைத்த தண்ணீர்.

“பொய்யின்னாலும் தண்டனை குடுங்க” என்று கிறகோரி கெஞ்சினார். “எதையாவது குடுங்க.”

திரவியக்கனி இரக்கத்தோடு அவர் தோளைத் தட்டினார். “ஏரி உறை சீக்கிரம் மங்கிரும்லா? அதையும் நீரே பாத்துக்கிடும்.”

அப்படியாகக் கிறகோரி ஏரியின் மேல் மண்டி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். அடியில் ஒருவரும் தொடாத தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையில் ஊர் ஜனங்கள் மாலையானால் வந்து நின்று, உறையில் தெரிகிற ஏரியைப் பார்த்துவிட்டு மனம் குளிர்ந்துபோய் வீடு திரும்பினார்கள்.

சில வருஷம் கழித்துப் பூமியிலிருந்து ஒரு பார்வையாளர் குழு வந்து இறங்கியது. இத்தனை தண்ணீரை ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள் என்று வெளியூர்க்காரர்களாவது கேட்பார்கள். கேட்டால் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிறகோரி சக்கரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. குழுவில் மூத்தவர் குனிந்து, விரல் படாமல் புறங்கையால் உறையைத் தடவிப் பார்த்து, “ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க” என்றார்.

அன்று மாலையே அவர்கள் விண்கலத்தில் ஏறினார்கள். வாங்கியபோது கம்பெனி போட்டுத் தந்த பாலிதீன் உறை இன்னும் பிரிக்காமலிருந்த இருக்கைகளில், சரசரவென்று சத்தம் எழ உட்கார்ந்தார்கள்.